பொது மீட்டரில் வெயில் ஏறிய கதை

எங்கள் அடுக்ககத்தில் தன் வீட்டு கரண்ட் பில்லைப் பற்றிப் பெரிதாகப் புலம்புகிறவர் கிடையாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் கொஞ்ச தூரம் மானிய விலை. ஏசி இல்லாத வீடுகள் சில நூறு ரூபாயில் தப்பித்துவிடும். சண்டையெல்லாம் பொது மீட்டரில்தான், கடைசியில் மாடியில் சோலார் போட்டதும் அதற்காகத்தான். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் ஓடும் அந்த இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய்க்கு மேல். 2023 கடைசியில் அரசு இந்தக் கட்டணத்தைக் குறைத்தது உண்மைதான். ஆனால் பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் கட்டடத்தில் 16 வீடு, நான்கு மாடி, லிஃப்டும் உண்டு. சலுகை எங்களைத் தொடவே இல்லை.

சோலார் போடலாமா என்று அசோசியேஷனில் பேச்சு வந்தபோது ஆளாளுக்குத் தன் வீட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்றுதான் கேட்டார்கள். செயலாளர் என்ற முறையில் நான் போட்டுக் காட்டிய கணக்கு வேறு. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். குடியிருப்போர் சங்கம் பொதுப் பயன்பாட்டுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000. கேட்கும்போது சங்கத்துக்குக் குறைவாகத் தெரியும். ஆனால் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் எரிக்கும் வீடு சோலார் போட்டு மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? எட்டு ரூபாய் மீட்டரில் போட்டால்தான் ஒவ்வொரு யூனிட்டும் காசு. நம் ஊரில் சின்ன வருமானக் குடும்பங்கள் இருக்கும் அடுக்ககங்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. விளம்பரங்கள் எல்லாம் தனி வீட்டையே காட்டுகின்றன.

எங்கள் பொது மீட்டர் இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட் சுமாருக்கு ஓடும். சென்னை வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு நாலு யூனிட் தரும். அப்படிப் பார்த்தால் 5 கிலோவாட் போதும். கூடுதலாகப் போட்டு ஈ.பி.க்கு விற்றுப் பணக்காரர் ஆகலாம் என்று ஒருவர் சொன்னார், அதைத் தொடரவில்லை.

கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. மாடிதான் புரியவில்லை. மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்று ஒரு கட்டடத்தில் கேட்டுப் பாருங்கள், பதினாறு பதில் வரும். பத்திரத்தில் பிரிபடாத பங்கு என்றுதான் இருக்கும். வழக்கத்தில் நாலாவது மாடிக்காரர் தன் வீட்டுக் கூரை என்று நினைப்பார். கொடி கட்டித் துணி காயப்போடுகிறவர்கள், சித்திரை வெயிலில் வடகம் போடுகிறவர்கள், ராத்திரி காற்று வாங்கப் பாய் விரிக்கிறவர்கள் என்று எல்லாருக்கும் அதில் உரிமை உண்டு. முதல் மாடி அக்கா நேராகவே கேட்டுவிட்டார்: "தம்பி, கண்ணாடிய பரப்பி வெச்சிட்டா நான் கருவாட்ட எங்க காயப்போடறது?"

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. 5 கிலோவாட்டுக்கு ஐந்நூறு சதுர அடி போகும். அதனால் பேனல்களைத் தரையோடு வைக்காமல் எட்டு அடி உயரத்தில் இரும்புச் சட்டம் அடித்து ஏற்றுவது என்று முடிவானது. கீழே நிழல், நிழலில் நடமாட்டம். செலவு கூடியது. கருவாட்டுக்குக் கிழக்குப் பக்கம் வெயில் படும் ஒரு பட்டையை அப்படியே விட்டோம், அதைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வைத்தோம்.

கூட்டத்தில் எங்கள் பக்கத்து அனல்மின் நிலையங்களைப் பற்றியும் பேச்சு எழுந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் வந்து 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் இன்னும் ஓடுகின்றன. "சாம்பல் நம்ம மூக்குக்கு, கரண்ட் ஊருக்கெல்லாம், பில்லு மட்டும் எல்லாருக்கும் ஒரே ரேட்டா?" என்று கேட்டார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வந்து குடியிருக்கும் ஒரு சார் ஓடந்துறை கதையைச் சொன்னார். அந்தப் பஞ்சாயத்து 2006இல் 1 கோடியே 55 லட்சத்தில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. 40 லட்சம் சேமிப்பு, மிச்சம் வங்கிக் கடன். காற்றாலை நிற்பதோ ஊரில் இல்லை, தள்ளி உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில். கரண்ட் மின்வாரியக் கம்பிக்குப் போகும், வருமானம் பஞ்சாயத்துக் கணக்குக்கு வரும். கடனும் அடைந்தது. காற்றாலை எங்கே நிற்கிறது என்பதைவிட அது யார் பெயரில் இருக்கிறது, பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதில்தான் ஊருக்கு லாபம் இருக்கிறது என்றார் சார். சோலாருக்குக் கை தூக்காதவர்கள் அதற்குப் பிறகு தூக்கினார்கள்.

யார் பெயரில் என்ற அந்தக் கேள்விதான் பிறகு எங்களையும் பிடித்துக்கொண்டது. விண்ணப்பம் போட இணையதளத்தில் சர்வீஸ் நம்பரைத் தட்டினால் கட்டடம் கட்டிய பில்டர் பெயர் வந்து நின்றது. வீடுகளை விற்றுவிட்டுப் போனவர் பொது இணைப்பை மாற்றித் தரவே இல்லை, நாங்களும் பில்லைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம். மானியம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமென்றால் இணைப்பு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். கணக்குக்குச் சங்கப் பெயரில் பான் கார்டு வேண்டும். பான் கார்டுக்குச் சங்கப் பதிவுச் சான்று வேண்டும். 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் எங்கள் சங்கம் பதிவாகியிருந்தது. ஆனால் ஆண்டறிக்கை பல வருடம் தாக்கல் செய்யப்படவில்லை. தாமதக் கட்டணம் கட்டி அதை நேராக்கினோம். பிறகு பில்டரைத் தேடிப் பிடித்து ஒப்புதல் கடிதம் வாங்கிப் பெயர் மாற்றம் செய்தோம். மொத்தக் காலத்தில் பாதிக்கு மேல் இதில்தான் போனது. இரும்புச் சட்டம் அடித்துப் பேனல் ஏற்றியது இதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அதன் பின் வேகம்தான். 10 கிலோவாட் வரை மின்வாரியத்தின் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதி மாறிவிட்டதால் ஒப்புதலுக்கு அலையவில்லை. விலைப்புள்ளி கேட்டபோது ஒரு நிறுவனம் மற்றவர்களைவிட நன்றாகக் குறைத்துச் சொன்னது. என்ன பேனல் என்று கேட்டால் பேச்சு நழுவியது. மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும், டி.சி.ஆர். பேனல் என்பார்கள். ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் பதிவாகும். விலைப்புள்ளியில் அந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.

கடலோரத்துக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. வெறும் பெயின்ட் அடித்த இரும்பு இங்கே இரண்டு மழைக்குத் தாங்காது. சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த கம்பிதான் வேண்டும், போல்ட்டும் எவர்சில்வர். புயல் வீசும் கரை இது. இந்தியத் தரக் குறியீட்டில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்ட சட்டமா என்று பொறியாளர் கையெழுத்தோடு கேட்டு வாங்கினோம். லிஃப்ட் ரூம் நிழல் விழாத இடத்தில் தெற்குப் பார்த்து வைத்தோம். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்துவிடும். சட்டம் அடித்தது காலடிப்பேட்டை வெல்டர்கள். வெளியூர் ஆள் வேண்டாம் என்பது பொதுக்குழுவின் நிபந்தனை.

எடுக்கும் கரண்டையும் கொடுக்கும் கரண்டையும் எண்ணும் இருவழி மீட்டர் மாட்டிய அன்று நான் எதிர்பார்க்காத ஏமாற்றம் ஒன்று காத்திருந்தது, பலருக்கு. மிக்ஜாம் புயலில் நாள் கணக்காக இருட்டில் கிடந்தவர்கள், இனி கரண்ட் போனாலும் லிஃப்ட் ஓடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஓடாது. பேனல் கரண்டைப் பயன்படுத்தும் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் ஈ.பி. கம்பியோடு இணைந்தது, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரி வைத்தால் ஓட்டலாம், விலை வேறு கணக்கு. இதை ஒப்பந்தத்துக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டால் பிறகு கோபம் வராது.

மொத்தம் 3 லட்சத்து 40 ஆயிரம் ஆனது, உயரச் சட்டத்தோடு சேர்த்து. முழுப் பணத்தையும் முதலில் நாங்கள்தான் கட்டினோம். 90,000 மானியம் பின்னால் சங்கக் கணக்கில் விழுந்தது. பில் பூஜ்யம் ஆகவில்லை, நிலைக் கட்டணம் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் உற்பத்தி படுத்துவிடும். இருந்தும் வீட்டுக்கு மாதம் 250 ரூபாய் மெயின்டெனன்ஸ் குறைத்திருக்கிறோம். மிச்சம் இன்வெர்ட்டர் நிதிக்குப் போகிறது. பேனல் 25 வருடம் உழைக்கும், இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் உழைக்காது.

கழுவுவதுதான் தொடர்ந்து இருக்கும் வேலை. எங்கள் பக்கம் தூசி கறுப்பாகப் படியும். போர் தண்ணீர் உப்பு, அதில் கழுவினால் வெள்ளைத் தடம் நின்று வெயிலை மறைக்கிறது. மெட்ரோ தண்ணீரில் விடியற்காலையில் கழுவ வேண்டும், சுட்ட கண்ணாடியில் ஊற்றக் கூடாது. இதற்கு வாட்ச்மேன் அண்ணனுக்குத் தனிச் சம்பளம் போட்டோம்.

பக்கத்து பிளாக்கில் இப்போது எங்கள் ஃபைலைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய பொது இணைப்பும் பில்டர் பெயரில்தான், அவர் இறந்துபோய்விட்டார். வாரிசுச் சான்றிதழுக்காக அவர் மகனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.