கல்லூரியின் தொழில்நுட்பத் திட்டத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

கற்பித்தலைத் தொழில்நுட்பத்தின் துணையோடு மாற்றியமைக்கப் போவதாகச் சொல்லும் ஒரு கல்லூரியின் திட்ட அறிக்கை மதிப்பீட்டுக்காகக் கைக்கு வந்தால், கொள்முதல் பட்டியலைத் தாண்டி, ஆசிரியர்களின் பணிநேரம் குறித்து என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் எதுவும் எழுதப்பட்டிருக்காது. எத்தனை கணினிகள், எத்தனை திரைகள் என்ற கணக்கு துல்லியமாக இருக்கும். ஒரு பாடத்தை இணையவழிக்கேற்பப் புதிதாக வடிவமைக்கும் ஆசிரியருக்கு அந்தப் பருவத்தில் எத்தனை வகுப்புகள் குறைக்கப்படும், அவற்றை யார் எடுப்பார் என்பது மட்டும் விடுபட்டிருக்கும்.

வரவு செலவுப் பகுதியிலும் இதே குறைதான். பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும் மூடுல் போன்ற கற்றல் மேலாண்மை மென்பொருள் 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் அந்த வரியில் சுழியம் போட்டுவிடுகிறார்கள். ஆனால் சர்வர் பராமரிப்புக்கும், தரவுகளின் காப்பு நகலெடுப்புக்கும், தேர்வுக்கு முந்தைய இரவில் மாணவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் ஊழியருக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

அடுத்து, மாற்றத்தை எதனோடு ஒப்பிடப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகம் 2013 ஜனவரியில், இணையவழிப் பாடங்களை வழங்கும் யுடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து இணையவழிக் கணிதப் பாடங்களை அறிவித்தது. தேர்ச்சி விகிதம் வளாக வகுப்புகளைவிடக் குறைந்ததால் அதே ஆண்டு ஜூலையில் அதை நிறுத்திவைத்தது. அடிப்படைக் கணிதப் பிரிவில் சேர்ந்தவர்களுள் முன்பே அப்பாடத்தில் தேறாதவர்கள் இருந்ததால், அந்த ஒப்பீடு முழுக்க நியாயமானதும் அன்று. பலர் இதைத் தோல்விக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கோ, சில மாதங்களுக்குள் நிறுத்த முடிந்ததே அதில் மெச்சத்தக்கதாகத் தோன்றுகிறது. ஒப்பிடுவதற்கு வளாக வகுப்புகளின் முடிவுகள் கையில் இருந்ததால்தான் அது இயன்றது.

நல்ல முடிவு வந்தாலும் எச்சரிக்கை தேவை. புதிய கருவியோடு கற்பிக்கும் முறையும் ஆசிரியர் செலவிடும் நேரமும் சேர்ந்தே மாறுவதால் பலனைக் கருவியின் கணக்கில் எழுதுவது பிழை என்று கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983இலேயே வாதிட்டார். அதை மறுத்தவர்களும் உண்டு. ஆயினும், 'மூன்றாம் ஆண்டுக்குள் எல்லா ஆசிரியர்களும் பயன்படுத்துவர்' என்பதையே வெற்றியின் அளவுகோலாக வைக்கும் திட்டம் உள்நுழைவுகளைத்தான் எண்ணுகிறது; மாணவர் எதைக் கற்றார் என்பது அந்த எண்ணில் தெரியாது. அத்தகைய திட்டத்தை, எந்த நிலை வந்தால் முயற்சியைக் கைவிடுவார்கள் என்பதையும் எழுதிச் சேர்க்குமாறு கேட்டுத் திருப்பி அனுப்புவேன்.