பேரூர் கல்சங்கிலியும் ஒரு கோரா சேலை லேபிளும்

போன வருஷம் சிறுமுகை பக்கம் கோரா காட்டன் சேலை போடற ஒரு குடும்பத்துக்கு லோகோ, பை, லேபிள்னு மொத்தமா பண்ணிக் குடுக்கற வேலை வந்துச்சு. அந்த வீட்டு அண்ணன் சொன்னது ஒன்னே ஒன்னுதான், "பேரூர் கோயில் அதுல இருக்கோணும் அம்மிணி, எங்க தாத்தா காலத்துல இருந்து வருஷத்துக்கு மொதோ சேலை பச்சைநாயகிக்குத்தான்". பேரூர்னா கோயமுத்தூர் பக்கத்துல இருக்கற பட்டீஸ்வரர் கோயில், பச்சைநாயகி அங்க இருக்கற அம்மன். சரிங்ணான்னு சொல்லிட்டு வந்து ரெண்டே நாள்ல ராஜகோபுரத்த கோடு கோடா வரைஞ்சு, அடியில கடை பேர போட்டு, சாம்பிள் பையும் அடிச்சு எடுத்துட்டுப் போயிட்டேன்.

அண்ணனுக்குப் புடிச்சிருச்சு. அவங்கம்மா மட்டும் பைய கையில வெச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏங்கண்ணு, இதுல காய் வாங்குவாங்க, பஸ்ல கால்கிட்ட வெப்பாங்க, கிழிஞ்சா குப்பையில வீசுவாங்க, கோபுரத்த அப்படிப் பண்ணலாமா?"ன்னு கேட்டாங்க. எனக்கு வாய் வரல. சாமி உருவம் வேண்டாம்னு நானே முன்னாடியே முடிவு பண்ணியிருந்தேன், ஆனா கோபுரத்துக்கும் அதே நியாயம்தான்னு தோணவே இல்ல பாருங்க. வீட்டுக்கு வந்து யோசிச்சா இன்னொன்னும் உறைச்சுச்சு, கோபுரப் படம் எத்தன கடை போர்டுல, எத்தன கல்யாணப் பத்திரிக்கையில இருக்கு, நான் வரைஞ்சதுல பேரூர்னு எதக் காட்டி சொல்ல முடியும்?

அடுத்த நாள் காலையிலயே கெளம்பி பேரூர் போனேன். கோயிலுக்குள்ள நடராஜர் மண்டபம், கனகசபை இருக்கே, 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து வேலை, அளகாத்ரி நாயக்கர் கட்டுனதுன்னு சொல்லுவாங்க. அகோர வீரபத்திரர், யானைத்தோல் உரிச்ச சிவன், ஊர்த்துவ தாண்டவர், காளின்னு தூணுக்குத் தூண் ஆளவிட பெரிய சிலைங்க, வர்றவங்க எல்லாருமே அங்கயே நின்னுருவாங்க, சின்ன வயசுல இருந்து நானும் அப்படித்தான். அன்னிக்குத்தான் தலைய நல்லா தூக்கி மேல தொங்கற கல்சங்கிலிய உக்காந்து பாத்தேன். போன் எடுக்கல, பென்சிலும் நோட்டும்தான், கழுத்து வலிக்கற வரைக்கும் வரைஞ்சேன்.

வரைய வரையத்தான் அது புரியுது. ஒரு வளையம் நம்மளப் பாத்து நிக்குது, அடுத்தது பக்கவாட்டுல திரும்பி நிக்குது, மறுபடி நேரா, மறுபடி பக்கவாட்டுல. இரும்புன்னா வளைச்சுக் கோத்து வாய மூடிரலாம், கருங்கல்ல அது ஆகாது, அதனால ஒரே கல்லுல இருந்து ஒவ்வொரு வளையத்தையும் உள்ளுக்குள்ள குடைஞ்சு குடைஞ்சு விடுவிக்கோணும், கடைசி வளையத்துல ஒரு அடி தப்பா விழுந்தாலும் அத்தனையும் போச்சு. ஒன்னுக்குள்ள ஒன்னு நுழைஞ்சு வர்றது, எங்கயும் ஒட்டு இல்லாம. தறியில நெடுக்க ஓடற பாவும் குறுக்க ஓடற ஊடையும் பண்றது வேற என்ன? கோரா காட்டன்னாலே பட்டு இழையும் பருத்தி இழையும் ஒன்னு மேல ஒன்னு கீழன்னு போறதுதானே, அந்த எடத்துலயே லோகோ கெடச்சிருச்சு எனக்கு, ரெண்டு வளையம், அவ்வளவுதான்.

ஆனா வரைஞ்சது வேற, நெசவுல வந்தது வேறங்க. கம்ப்யூட்டர்ல வளவளன்னு அழகா இருந்த வளையம், தறியில நெய்யற லேபிள்ல ரெண்டு சென்டிமீட்டருக்கு சுருங்குனதும் கொழுக்கட்டை மாதிரி அப்பிப் போச்சு. ஒரு வளையம் இன்னொன்னுக்கு அடியில போற எடத்துல மெல்லிசா ஒரு இடைவெளி விட்டிருந்தேன், அது சுத்தமா அடைஞ்சிருச்சு. அப்பறம் அண்ணன் கிராஃப் நோட்ட நீட்டுனாரு, "ஒரு கட்டம் ஒரு இழைன்னு வெச்சுக்க அம்மிணி, கட்டத்துல வராதது தறியிலயும் வராது". மூனு வாரம் கட்டம் கட்டமா நெரப்பிப் பாத்தோம். இடைவெளி ஒரு இழை விட்டா அடைஞ்சுருது, மூனு விட்டா சங்கிலி அந்து போன மாதிரி தெரியுது, ரெண்டுதான் சரி. வளைவு படிப்படியா வந்துச்சு, மொதல்ல எனக்கு அது கொறையா தெரிஞ்சுச்சு, நெய்து கையில வாங்கி பாத்தப்ப உளி கொத்துன தடம் மாதிரியே இருந்ததால அப்படியே விட்டுட்டேன், பையில அச்சடிக்கறதுக்கும் அந்தப் படிப்படி வளையத்தையேதான் குடுத்தேன்.

கலரும் ரெண்டே ரெண்டு. சாயம் ஏறாத கோரா நூலோட பழுப்பு வெள்ளை, எண்ணெய் ஏறுன கருங்கல்லோட கறுப்பு. தங்கக் கலர் சேக்கலாமான்னு அண்ணன் ஒருக்கா கேட்டாரு, கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

இப்ப ஒரு சேலைக்கு பார்டர் முழுக்கவும் அந்தச் சங்கிலிய ஓட்டியிருக்காங்க. அம்மா கண்ணாடி போடாம வெரலால தடவிப் பாத்துட்டு "பேரூரு சங்கிலி"ன்னாங்க, நான் ஒன்னுமே சொல்லியிருக்கல. சேலை வெக்கற அட்டைப்பொட்டி மட்டும் பாக்கி. அதோட மூடிக்கு அதே விதானத்துல இருக்கற கல் தாமரைய வரையலாம்னு இருக்கேன், திங்கக்கெழம மறுபடி பேரூர் போறேன்.