வசனத்தைக் கழித்தால் மிஞ்சும் வீடு

டப்பிங்குக்கு வேற்றுமொழி நாடகம் ஒன்று வந்தால் எங்கள் பிரிவில் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எஃபெக்ட்ஸ் தனித் தடத்தில் வந்திருக்கிறதா? கதையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. வசனம், பின்னணி இசை, காலடியும் கதவும் பாத்திரமும் எழுப்பும் சத்தங்கள் என்று தனித்தனியாகப் பிரித்து அனுப்பியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்களிடம் வந்த பாகிஸ்தானின் உருது நாடகங்களில் பலவும் அப்படி வரவில்லை. அங்கே படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவு செய்துவிடுகிறார்கள். மாமியார் பேசிக்கொண்டிருக்கும்போதே மருமகளின் கரண்டி கிண்ணத்தில் மோதுகிறது. இரண்டும் ஒரே மைக்கில் விழுகின்றன. உருதுப் பேச்சை நீக்கினால் கரண்டியும் கூடவே போய்விடும். தமிழ்க் குரலை மட்டும் ஒட்டிப் பார்த்தால் பேசுகிறவர்கள் எந்த வீட்டிலும் இல்லாதவர்களாகத் தெரிவார்கள். அந்த வீட்டைச் சத்தத்தால் மறுபடியும் கட்டி எழுப்ப வேண்டும். வடபழனிப் பக்கம் ஒரு சிறிய ஸ்டுடியோவில் எனக்கு அதுதான் பிழைப்பு.

வேலை தொடங்கும்போது வசனத் தடத்தை அணைத்துவிட்டு அத்தியாயம் முழுவதையும் ஒருமுறை ஓடவிடுவேன். எந்த நொடியில் யார் எதைத் தொடுகிறார், எங்கே நடக்கிறார், எந்தக் கதவு சாத்தப்படுகிறது என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இப்படிப் பார்த்துப் பழகியதில் ஒன்று பிடிபட்டது. இந்த நாடகங்களில் பேச்சு முழுவதும் கல்யாணத்தைப் பற்றியது: யாருக்கு யாரைப் பேசி முடிப்பது, யார் யாரை அவமதித்தார், யார் வீட்டைவிட்டு வெளியேறுவது. பேச்சை அணைத்துவிட்டால் அதே காட்சிகளில் பிள்ளை வளர்ப்பு நடந்துகொண்டிருக்கிறது. பெரியவர்கள் வரவேற்பறையில் வாயசைத்துக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒருத்தி பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுகிறாள். கதவருகே ஒரு பிள்ளை நிற்கிறது. அது நகரவே இல்லை. பார்வையாளர் கண்ணில் படாமல் போகக்கூடிய அந்தப் பிள்ளையை நான் பார்த்தே ஆக வேண்டும். அதன் செருப்புச் சத்தம் என் கணக்கில் இருக்கிறது.

பாகிஸ்தானில் தொலைக்காட்சி 1964இல் லாகூரில் தொடங்கியது. அரசுத் தொலைக்காட்சியான பிடிவியின் பழைய நாடகங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோ அரங்குகளில் எடுக்கப்பட்டவை. ஹசீனா மொயின் எழுதிய பெண்கள் அந்த அட்டைச் சுவர்களுக்கு நடுவில்தான் அத்தனை உயிரோடு பேசினார்கள். தனியார் சானல்கள் வந்தபின் கராச்சியில் நிஜமான பங்களாக்களை வாடகைக்கு எடுத்துப் படம்பிடிக்கிறார்கள். பளிங்குத் தரை, பெரிய இரும்பு கேட், தேநீர்த் தள்ளுவண்டி. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அந்தத் தள்ளுவண்டியைப் பெண் தள்ளிக்கொண்டு வருவாள். நம் பஜ்ஜி சொஜ்ஜி தட்டுக்கு அங்கே சக்கரம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். காகம் இரண்டு ஊருக்கும் பொது என்பதால் சென்னையில் பதிவு செய்த காகங்களையே கராச்சி மரங்களில் உட்கார வைத்திருக்கிறேன். மின்வெட்டு நேரத்து ஜெனரேட்டரும் அப்படித்தான்.

அந்த வீடுகளில் எனக்குப் பிடித்த சத்தம் கார் ஹார்ன். வாசலில் இரண்டு முறை ஹார்ன் அடிக்கும். காவலாளி ஓடி வந்து தாழ்ப்பாளை இழுப்பார். இரும்பு கேட் தரையை உராய்ந்தபடி திறக்கும். கார் உள்ளே வரும், கதவு சாத்தப்படும். பிறகு பளிங்கில் தோல் செருப்பின் காலடி. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த வரிசையை அடுக்கும்போது வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அடுக்க வேண்டும்: முதல் ஹார்னுக்குத் தொலைக்காட்சிச் சத்தம் குறைகிறது, தாழ்ப்பாள் இழுபடும்போது மகன் மாடிப்படி ஏறி ஓடுகிறான், கேட் மூடுவதற்குள் அம்மா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். கேட் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவுதான் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் அவகாசம். ஒரு தொடரில் தகப்பன் தன் பிள்ளைகளோடு பேசிப் பழகும் காட்சி வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஹார்னை வைத்து அவரை எனக்குத் தெரிந்துவிட்டது.

நிக்காஹ் காட்சிகளில் பேனாவுக்கு வேலை அதிகம். தாளில் பேனா நகரும் உரசல், கண்ணாடி வளையல், சுற்றியிருப்பவர்களின் முணுமுணுப்பு. அந்த நிக்காஹ் படிவத்தில் 18ஆம் பத்தி என்று ஒன்று உண்டு. விவாகரத்து செய்யும் உரிமையைக் கணவன் மனைவிக்கு ஒப்படைத்திருக்கிறானா என்று கேட்பது அதுதான். நான் வேலை செய்த எந்தக் காட்சியிலும் மணப்பெண்ணின் வீட்டார் அந்தப் பத்திக்கு வந்து நின்று வாதிட்டதில்லை. தலாக் காட்சியில் இதைவிட மோசம். பாகிஸ்தானில் 1961ஆம் ஆண்டின் முஸ்லிம் குடும்பச் சட்டப்படி, தலாக் சொன்னவர் உள்ளாட்சி அமைப்பான யூனியன் கவுன்சிலின் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; 90 நாள் கழியாமல் அது நடைமுறைக்கு வராது. இரண்டாவது திருமணத்துக்கும் நடுவர் மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். திரையிலோ கணவன் மூன்று முறை சொல்கிறான், இசையமைப்பாளர் மூன்று முறை இடி இறக்குகிறார், அதே அத்தியாயத்தில் அவள் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். சூட்கேஸ் சக்கரத்தின் சத்தத்தை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அந்த அனுமதிக் கடிதத்தின் உறையைக் கிழிக்கும் சத்தத்தைப் போட எனக்கு வாய்ப்பு வந்ததே இல்லை.

சிறு பையன்களுக்குக் குரல் கொடுப்பவர்கள் எங்கள் தொழிலில் பெரும்பாலும் பெண்கள். எங்களுக்கு வழக்கமாக வரும் அக்காவுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மைக் முன்னால் நின்றால் ஆறு வயது. ஒருநாள் ஒரு பக்க வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: “தம்பி, இந்தப் பிள்ளை அம்மாவுக்கு எதிராக அப்பாவுக்காக வக்கீல் வேலை பார்க்கிறது. இதைப் பிள்ளைக் குரலில் பேசினால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், கிழவன் குரலில் பேசினால்தான் பொருந்தும்.” பேசி முடித்தார், நன்றாகவே பேசினார். ஆனால் அவர் சொன்னது சரி.

2019இல் ஏஆர்ஒய் டிஜிட்டலில் தொடங்கிய ‘மேரே பாஸ் தும் ஹோ’ தொடரைப் பிறகு நானாகப் பார்த்தபோது அவருடைய பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. கலீலுர் ரஹ்மான் கமர் எழுதியது. மனைவி, பணக்காரன் ஒருவனை நம்பிக் கணவனை விட்டுப் போகிறாள்; மகன் ரூமி தன் ஆசிரியைக்கும் அப்பாவுக்கும் முடிச்சுப்போட முயல்கிறான். 2020 ஜனவரியில் அதன் கடைசி அத்தியாயத்தைத் திரையரங்குகளிலேயே காட்டினார்கள், அவ்வளவு வரவேற்பு. துரோகம் செய்த மனைவியைத் தண்டிக்கும் வேகத்தில் எழுத்தாளர் ஒரு பிள்ளையையும் அணி சேர்த்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ரூமி சுட்டியாகப் பேசுகிறான், எல்லோருக்கும் பிடிக்கிறது. தாய் இல்லாத வீட்டில் அவன் எப்படித் தூங்கினான் என்று நாடகம் நின்று பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு வந்த புதிதில், அந்த வீடுகள் எப்படி ஒலிக்கின்றன என்று தெரிந்துகொள்ள நான் பாடமாக வைத்துக்கொண்டது ‘ஜிந்தகி குல்சார் ஹை’. உமேரா அகமதுவின் கதை, சுல்தானா சித்திகியின் இயக்கம், 2012இல் ஹம் டிவியில் தொடங்கியது; 2014 ஜூனில் ஜிந்தகி சானல் இங்கே தொடங்கியபோது இந்தியர்களும் பார்த்தார்கள். நாயகனாக நடித்த ஃபவாத் கானுக்காகப் பார்த்தவர்களே அதிகம் என்பது தெரியும். நான் பார்த்தது ரஃபியாவுக்காக. சமீனா பீர்ஸாதா நடித்த அந்தத் தாய்க்கு மூன்று பெண்கள். ஆண் பிள்ளை வேண்டுமென்று கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் பள்ளியில் வேலை பார்த்து, டியூஷனும் எடுத்துப் பெண்களைப் படிக்க வைக்கிறாள். மூத்தவள் கஷஃப் அரசு அதிகாரி ஆகிறாள்.

இந்தக் கதையில் தாயைக் கொண்டாடுவது எளிது. என்னை இழுத்தது வேறு. ரஃபியா வாய் ஓயாமல் பொறுமையைப் போதிக்கிறாள். கஷஃப் வளர்ந்து நிற்பதோ சந்தேகமும் கசப்புமாக. காரணம், போதனை வசனத் தடத்தில் இருக்கிறது, பாடம் மற்றத் தடத்தில் இருக்கிறது. எப்போதாவது வந்து உட்கார்ந்து குறை சொல்லிவிட்டுப் போகும் அப்பா, அவர் போனபின் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வேலையில் குனிவது. மகள் படித்தது அதைத்தான்.

அதே தொடரில் இன்னொரு தாய் கசாலா. பணக்காரி, வேலைக்குப் போகிறவள், நினைத்த நேரத்தில் வீட்டுக்கு வருகிறவள். அவளைப் பார்த்து வளர்ந்த மகன் ஜாரூன், அம்மாவைப் போல இல்லாத மனைவி வேண்டும் என்கிறான். நாடகமும் அவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. இரண்டு தாய்மாருமே சம்பாதிக்கிறவர்கள்தாம். ஒருத்தி பசிக்காகப் போனால் தியாகி, மற்றவள் விருப்பத்துக்காகப் போனால் பிள்ளையைக் கெடுத்தவள் என்ற கணக்கு எனக்கு உறுத்துகிறது. கசாலாவின் கணவரும் அதே வீட்டில்தானே இருந்தார்? மகன் கோணலாக வளர்ந்ததற்கு அவரை யாரும் பொறுப்பாக்கவில்லை. பிள்ளை வளர்ப்பில் குறை என்றால் விரல் அடுப்படிப் பக்கம்தான் நீளும். கராச்சியானால் என்ன, கும்பகோணமானால் என்ன.

பிள்ளையின் மௌனத்தையே கதையாக்கிய நாடகமும் அங்கே வந்திருக்கிறது. 2016இல் ஹம் டிவியில் வந்த ‘உடாரி’, மாற்றாந்தகப்பன் சிறுமியிடம் அத்துமீறுவதைச் சொன்னது. ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான பெம்ரா அதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அடிப்பது, அறைவது, வீட்டைவிட்டுத் துரத்துவது எல்லாம் வாராவாரம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த நோட்டீஸ் போயிற்று.

எனக்கும் எங்கள் மிக்ஸிங் பொறியாளருக்கும் நடக்கும் சண்டை இதே சங்கதியைப் பற்றியதுதான். கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையின் மூச்சு, கால் மாற்றி நிற்கும்போது செருப்பு எழுப்பும் சிறு உரசல், இவற்றை நான் போட்டு அனுப்புவேன். வசனத்துக்கு இடைஞ்சல் என்று அவர் இறக்கிவிடுவார். செல்போனில் பார்ப்பவருக்கு அது கேட்கவா போகிறது என்பது அவர் வாதம். நியாயம் இல்லாமல் இல்லை. சில காட்சிகளில் அவர் விட்டுக்கொடுத்தார், பலவற்றில் நான்.

2016 செப்டம்பரில் உரி தாக்குதலுக்குப் பின் இந்தியத் தொலைக்காட்சியில் பாகிஸ்தான் நாடகங்கள் நின்றன. 2020க்குப் பின் இணையத் தளங்கள் வழியாகத் திரும்பின. 2025 மே மாதம், பாகிஸ்தானில் தயாரானவற்றை அகற்றும்படி மத்திய அரசு அந்தத் தளங்களுக்கு அறிவுறுத்தியதும் மறுபடியும் நின்றன. கையில் இருந்த வேலை அப்படியே நிறுத்தப்பட்டது. செய்தவரைக்கும் கூலி வந்தது. இப்போது எங்கள் மேசைக்கு வருவது துருக்கித் தொடர்கள். நடுத்தரக் குடும்பத்து வீடு என்றால் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு மெத்தென்ற செருப்பில் நடக்கிறார்கள். அதற்காகவே இரண்டு ஜோடி வாங்க வேண்டியிருந்தது. அப்பா அடுக்குமாடியில் படியேறி வந்து சாவி போட்டுத் திறந்துகொள்கிறார். ஹார்னும் இல்லை, கேட்டும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு சாவி திரும்பும் நேரம்தான் இருக்கிறது. எனக்கும் அதற்குள் தொலைக்காட்சியை அணைத்தாக வேண்டும்.