சிவப்புத் தூள் வரும் வரை

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாத இரவில், எங்கள் சமையலறைச் சுவரில் நானே பொருத்தியிருந்த மரப்பலகை, அதன் மேல் அடுக்கியிருந்த அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களோடு சேர்ந்து கீழே விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிப்போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். திருகாணிகள் நான்கும் இரும்புத் தாங்கிகளில் அப்படியே இருந்தன. அவற்றின் முனையில், திருகாணியைப் பிடித்துக்கொள்வதற்காகச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்குகள் இருந்தன. ஒவ்வொரு பிளக்கையும் சுற்றி எலுமிச்சம்பழ அளவில் சிமெண்ட் பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. திருகாணி ஒடியவில்லை, பிளக் கிழியவில்லை, பலகையும் உடையவில்லை. சுவரின் மேல்தோல் மட்டும் பிய்ந்து வந்திருந்தது.

அன்று என்னிடம் நல்ல டிரில்லிங் மெஷின் இருந்தது, ரசமட்டம் இருந்தது, மெஷினில் மாட்டிச் சுவரைத் துளைக்கும் புதிய பிட்டுகளும் இருந்தன. கருவி வாங்குவதற்கு நான் பல நாட்கள் யோசித்திருந்தேன். அந்தக் கருவி எதைத் துளைக்கப்போகிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வீட்டு வேலைகளைத் தாங்களே செய்ய விரும்புகிறவர்கள் என்னிடம் எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம், உங்கள் சுவர் எதனால் கட்டப்பட்டது என்று நான் திருப்பிக் கேட்பதற்குக் காரணம் அந்த இரவுதான்.

எங்கள் வீடு தாம்பரத்தில் 1990களில் கட்டப்பட்ட செங்கல் வீடு. உள்சுவர்களில் சிமெண்ட் பூச்சு வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருக்கும். செங்கல் வரிசை சற்று உள்வாங்கியோ பிதுங்கியோ இருந்தால், கொத்தனார் அதைச் சமன் செய்வதற்காக அந்த இடத்தில் பூச்சைத் தடிமனாக ஏற்றிவிடுவார். எங்கள் சமையலறையின் அந்தப் பக்கத்தில் பூச்சே ஏறத்தாழ ஓர் அங்குலம் இருந்தது என்பதை, விழுந்த துண்டுகளை டேப் வைத்து அளந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். நான் போட்டிருந்த பிளக்குகளின் நீளமும் 25 மில்லிமீட்டர்தான். அதாவது, அவை செங்கல்லைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு சுவரில் துளையிடும் முன் ஒரு செய்தித்தாளை இரண்டாக மடித்து, துளைக்கு இரண்டு அங்குலம் கீழே பை போலத் திறந்திருக்கும்படி டேப்பால் ஒட்டிவிடுவது என் வழக்கமாகிவிட்டது. தரை அழுக்காகாது என்பது ஒரு பலன்தான். எனக்கு முக்கியமானது அந்தப் பையில் விழும் தூளின் நிறம். முதலில் சாம்பல் நிறத் தூள் விழும், அது பூச்சு. பிறகு சிவப்புத் தூள் விழத் தொடங்கும். அப்போதுதான் பிட் செங்கல்லுக்குள் நுழைகிறது. சிவப்பு தொடங்கிய இடத்திலிருந்து குறைந்தது 40 மில்லிமீட்டர் உள்ளே போகும்படி பிட்டின் மேல் ஒரு வண்ண டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்கிறேன். சிவப்பு வந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று மீண்டும் சாம்பல் நிறம் வந்து, பிட்டும் எளிதாக உள்ளே ஓடினால், இரண்டு செங்கற்களுக்கு இடையிலான கலவைச் சந்தில் மாட்டிக்கொண்டோம் என்று பொருள். அந்தத் துளையை விட்டுவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போடுவதே நல்லது. சிவப்பு வரவே இல்லை, அரை அங்குலத்துக்குப் பிறகு பிட் நகரவும் மறுக்கிறது என்றால் அது கான்கிரீட்: பீம், தூண், அல்லது கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல்.

துளையைப் போட்டவுடன் பிளக்கைத் தட்டி ஏற்றுவதும் ஒரு தவறு. உள்ளே தங்கிய தூளை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். பிளக் சுவரைப் பிடித்துக்கொள்வது உரசலால்தான். திருகாணி உள்ளே போகப் போக அது விரிந்து துளையின் பக்கங்களை நெருக்குகிறது. இடையில் தூள் இருந்தால் அந்தப் பிடி வழுக்கும். சிறு பிரஷ் ஒன்றும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சிறிய பம்பும் இதற்குப் போதும்.

கடைக்காரர்கள் இன்றும் ‘ராவல் பிளக்’ என்று சொல்லும் பெயர், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரரின் பெயரிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவர்களைச் சேதப்படுத்தாமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்ததால், 1911இல் அவர் சணல் நாரைப் பசையால் இறுக்கிச் சிறு குழல்களாகச் செய்தார். இன்று நாம் வாங்கும் நைலான் பிளக்கை ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958இல் உருவாக்கினார். நம் ஊரில் அதற்கு முன்பும் பின்பும் எலக்ட்ரீஷியன்கள் உளியால் சுவரைக் கொத்தி மரக்கட்டை அடித்து, அதில் திருகாணியை ஏற்றினார்கள். எங்கள் வீட்டின் பழைய சுவிட்சுப் பலகைகள் எல்லாம் அப்படிப்பட்ட கட்டைகளில் நிற்பவைதான். நன்கு காய்ந்த கட்டையாக இருந்தால் அது முப்பது ஆண்டு நிற்கும்; பச்சை மரத்தில் செய்த கட்டை இரண்டு கோடையில் சுருங்கி ஆடத் தொடங்கிவிடும்.

இதே பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் என் தங்கையின் புதிய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அங்கே தூள் வெள்ளை வெளேர் என்று மாவு போல வந்தது, சிவப்பு வரவே இல்லை. பிட்டோ வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அந்தச் சுவர் ஏஏசி பிளாக் எனப்படும், உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த எடை குறைந்த கற்களால் கட்டப்பட்டது. இதில் மெஷினின் ‘ஹேமர்’ விசையை, அதாவது சுழலும் பிட்டை அடிக்கவும் வைக்கும் விசையைப் போட்டால் துளை உள்ளே உதிர்ந்து அகலமாகிவிடும். விசையை அணைத்துவிட்டுச் சுழற்சியில் மட்டும் துளைக்க வேண்டும். பிளக்கும் அந்தக் கல்லுக்கென்றே செய்யப்பட்ட, புறத்தில் அகன்ற மரைகளும் நீண்ட உடலும் கொண்ட பிளக்காக இருக்க வேண்டும். செங்கல்லில் நன்றாக நின்ற சாதாரணப் பிளக்கை அங்கே நான் விரலால் பிடுங்கி எடுத்தேன்.

ஆகவே செங்கல் அல்லது ஏஏசி சுவர் உள்ள வீட்டுக்கு 500 முதல் 600 வாட் திறன் கொண்ட, பிட்டைப் பிடித்துக்கொள்ளும் 13 மில்லிமீட்டர் சக் பொருத்திய, வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் பின்னோக்கிச் சுழற்றவும் ஹேமர் விசையை அணைக்கவும் வசதியுள்ள மெஷின் ஒன்று போதும். கான்கிரீட்டில் அடிக்கடி துளையிட வேண்டியவர்களுக்கு மட்டுமே ரோட்டரி ஹேமர் தேவைப்படும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விலையில் மட்டும் இல்லை. சாதாரண ஹேமர் டிரில்லில் பற்கள் கொண்ட இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுவதால் அடி உண்டாகிறது. ஆகவே நாம் உடல் எடையைக் கொடுத்து அழுத்தினால்தான் அது வேலை செய்யும். ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஓர் இரும்புத் துண்டை எறிந்து பிட்டின் தலையில் அடிக்கிறது. நாம் நேராகப் பிடித்துக்கொண்டால் போதும். என் வீட்டில் கான்கிரீட்டில் துளையிட வேண்டிய தேவை இந்த ஆறு ஆண்டுகளில் இரண்டு முறைதான் வந்தது. இரண்டு முறையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன்.

மெஷினோடு சேர்த்து நூறு உருப்படிகள் அடங்கிய பெட்டி ஒன்றை விற்பார்கள். அதில் நான் பயன்படுத்தியவை ஆறோ ஏழோதான். அந்தப் பணத்தில், முனையில் கார்பைடு வைத்த நல்ல சுவர் பிட்டுகளை 6 மில்லிமீட்டரில் ஒன்றும் 8 மில்லிமீட்டரில் ஒன்றும் தனியாக வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். கூடவே கண்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றும் வாங்கிவிடுங்கள். தலைக்கு மேலே துளையிடும்போது தூள் நேராகக் கண்ணில்தான் விழும். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடவே கூடாது. மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அந்தச் செங்குத்துக் கோட்டில்தான் ஓடும். வீட்டில் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சாதனம் இல்லையென்றால், டிரில்லிங் மெஷினுக்கு முன்னால் அதற்குச் செலவு செய்யுங்கள் என்று சொல்வேன்.

கைக்கருவிகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது திருப்புளி. ஸ்டார் திருப்புளியில் அளவுகள் உண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. நாம் மரவேலைக்கு வாங்கும் 6 முதல் 9 நம்பர் வரையிலான திருகாணிகளுக்கு ‘பிஎச்2’ என்று தண்டில் பொறித்த முனைதான் பொருந்தும். அதைவிடச் சிறிய முனையை வைத்துத் திருகினால் அது உள்ளே வழுக்கிச் சுழன்று தலையின் பள்ளத்தை மழுக்கிவிடும், பிறகு அந்தத் திருகாணியை உள்ளேயும் தள்ள முடியாது, வெளியேயும் எடுக்க முடியாது. திருகாணித் தலையில் முனையை வைத்து, திருப்புளியைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பாருங்கள். திருகாணி விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி (காந்த முனை கொண்ட திருப்புளியில் இந்தச் சோதனை செல்லாது). சென்னை போன்ற கடலோர ஊர்களில் குளியலறைக்கும் வெளிப்புறத்துக்கும் எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே வாங்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்புத் திருகாணி துருப்பிடித்து, அதைச் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்துவிடும்.

குழாய் வேலையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பித்தளைக் குழாயைப் பித்தளையில் பொருத்தும்போது நீர் கசியாமலிருக்க மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றலாம். எல்போ எனப்படும் பிளாஸ்டிக் வளைவு இணைப்பில் பொருத்தும்போது அதே அளவு சுற்றி ஸ்பேனரால் இறுக்கினால், எல்போ உள்ளிருந்து விரிந்து விரிசல் விடும். அந்த விரிசல் உடனே தெரியாது. எங்கள் வீட்டில் அது மூன்று நாள் கழித்து, டைலுக்குப் பின்னால் ஈரமாகத் தெரிந்தது.

கருவியை எடுக்கும் முன் பொருளைப் பார்க்க வேண்டும் என்பதை எனக்கு மிக நன்றாகக் கற்றுக்கொடுத்தது ஒரு கதவு. எங்கள் பின்பக்கக் கதவு ஒவ்வோர் ஐப்பசியிலும் நிலையில் மாட்டிக்கொள்ளும். தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். ஒரு மழைநாளில் புதிதாக ஓர் இழைப்புளி வாங்கிவந்து இழைக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த வயதான ஆசாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, மழையில இழைக்காதீங்க. இப்ப இழைச்சா பங்குனியில பல்லி போய்வர அளவுக்கு இடுக்கு விழும். தை பொறக்கட்டும்” என்றார். பிறகு உள்ளே வந்து, கதவை இரு கைகளாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். கதவு ஆடியது. “மேல் கீல் தளர்ந்திருக்கு. முதல்ல அதைப் பாருங்க.”

மேல் கீலின் மூன்று திருகாணிகளில் இரண்டு, துளை தேய்ந்து வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன. அதனால் கதவு முன்பக்கமாகத் தொங்கி, பூட்டுப் பக்கத்து மேல் மூலை நிலையில் உரசிக்கொண்டிருந்தது. மூங்கில் குச்சியைத் துளையின் ஆழத்துக்குச் சீவி, ஃபெவிகால் தடவி நெருக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, நீட்டியிருந்த பகுதியை வெட்டிவிட்டு, ஒன்றரை அங்குலத் திருகாணிகளை ஏற்றினேன். கதவின் தொல்லை பாதி அதிலேயே போய்விட்டது. இழைப்புளி காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் பரணில் இருந்தது.

மீதிப் பாதி, மரம் உப்புவதால் வந்தது. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது அகலத்தில்தான் விரியும். நார் ஓடும் நீளவாக்கில் ஏறத்தாழ விரிவதே இல்லை. அதனால்தான் கதவு மழையில் பக்கவாட்டில் இறுகுகிறது. தை பிறந்து இரண்டு வாரம் வெயில் அடித்த பிறகு, நிலையின் உள்விளிம்பில் வண்ணச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, கதவை மூடித் திறந்து பார்த்தேன். காய்ந்த நிலையிலும் கதவில் ஓர் இடத்தில் மட்டும், உள்ளங்கை நீளத்துக்கு, சாக்பீஸ் நிறம் ஒட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் நார் ஓடும் திசையிலேயே அரை நூலுக்கும் குறைவாக இழைத்தேன். (எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது ஆசாரிகளின் கணக்கு; டேப்பில் மில்லிமீட்டர் இருந்தாலும் கதவு வேலைக்கு எனக்கு இந்தக் கணக்குதான் இப்போது கைக்கு வருகிறது.) இழைப்புளியிலிருந்து வந்த சுருள், வெங்காயத் தோல் போல மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. தகடு அவ்வளவு கூராக இல்லையென்றால் அது மரத்தைச் சீவாது, நாரைப் பிய்க்கும்.

கடைசியாக ஆசாரி சொல்லியிருந்தபடி ஒரு முகக்கண்ணாடியைக் கதவின் மேல்விளிம்புக்கு மேலே சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். யாரும் பார்க்காத அந்த விளிம்பில் பெயிண்டே இல்லை. முப்பது ஆண்டுகளாக வெறும் மரமாகவே இருந்திருக்கிறது. கீழ்விளிம்பும் அப்படித்தான். நாரின் வெட்டுமுனை மரத்தின் மற்ற எந்தப் பக்கத்தையும்விட வேகமாக ஈரத்தை இழுக்கும். கதவைக் கீலிலிருந்து கழற்றி, இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கவைத்து, மேலும் கீழும் ஒரு கோட் பிரைமரும் இரண்டு கோட் எனாமலும் அடித்தேன். கடந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் பால் வாங்கப் போகும்போது ஒரு கையில் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் இரண்டு விரல்களால் அந்தக் கதவைத் திறந்தேன்.