வாலில் ஒட்டிய 'என்'

எந்தை, நுந்தை, தந்தை. உடையவர் யார் என்பதை உறவுப்பெயரின் தலையிலேயே ஒட்டிவைத்த காலம் தமிழுக்கு இருந்தது. மலையகத் தோட்டத்தில் இன்று தம்பி, தங்கை என்று கூப்பிடும்போதும் அந்தத் 'தம்', 'தன்' உள்ளேதான் கிடக்கிறது. பின்லாந்தின் பின்னிஷ், எஸ்தோனியம் முதலான பின்னிக் மொழிகளில் இதே ஒட்டு வாலில் நடந்தது. அதுவும் உறவுப்பெயருக்கு மட்டுமல்ல, எல்லாப் பெயருக்கும்.

பின்னிஷில் தலொ என்றால் வீடு. தலொனி என் வீடு, தலொஸி உன் வீடு. நம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) 'என் காம்பராவில்' (என் அறையில்) என்கிற மாதிரி, 'என் வீட்டில்' என்பதற்கு அவர்கள் சொல்வது தலொஸ்ஸனி. பிரித்தால் வீடு, இல், என். தூரத்து உறவான ஹங்கேரியமோ வீடு, என், இல் என்று அடுக்கும்.

இவற்றுக்கெல்லாம் தாயான யூராலிக் மூலமொழிக்கு ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கும் ஒருமை விகுதிகள் மி (என்), தி (உன்), ஸ (அவர்). மூன்றும் பிரதிப்பெயர்கள் தேய்ந்து ஒட்டியவை. பின்னிக் கிளையில் இகரத்துக்கு முன் தகரம் ஸகரமானதால் 'தி', 'ஸி' ஆயிற்று. ஸின (நீ) என்ற சொல்லும் அப்படி வந்ததே. தெ (நீங்கள்) பழைய தகரத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

சிக்கலானது 'மி'யின் கதை. உடைமைப் பொருள் பலவானால் விகுதிக்கு முன் ஒரு னகரம் வரும். அதோடு சேர்ந்த மகரமும் னகரமாகி 'னி' பிறந்தது. அதாவது ஒரு பொருளுக்கு மி, பலவற்றுக்கு னி. பிறகு னி எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. அதனால்தான் தலொனி என்ற ஒரே சொல்லுக்கு 'என் வீடு', 'என் வீட்டின்', 'என் வீடுகள்' என மூன்று பொருள்.

புதிதாகப் படிப்பவர்கள் தவறுவது மெய் இரட்டிப்பில். குக்க என்றால் பூ, 'பூவின்' என்பது குகன். இரட்டைக் ககரம் ஒற்றையாகிவிடும். அதைப் பார்த்து 'என் பூ'வை குகனி என்று எழுதக்கூடாது. குக்கனிதான். 'எங்கள் பூ'வும் குக்கம்மெ.

பேச்சுப் பின்னிஷ் விகுதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு முன் தலொ என்கிறது: 'முன்' அங்கே 'என்'. எஸ்தோனியத்தில் சொல்லிறுதி ஒலிகள் உதிர்ந்தன, விகுதியும் போயிற்று. மு மய என்றால் என் வீடு. நமக்குக் காதில் விழும் சிங்கள 'மகே கெதர'வின் அதே வரிசை.

எழுத்துப் பின்னிஷில் மூன்றாம் ஆள் விகுதி இன்னும் ஒரு நுட்பமான வேலை செய்கிறது. பெக்கா எடுத்தது கிர்யன்ஸ என்றால் தன் புத்தகம். ஹனென் ('அவருடைய') சேர்த்து ஹனென் கிர்யன்ஸ என்றால் வேறொருவருடையது. தந்தையில் இருக்கும் 'தன்' செய்கிற அதே வேலை.