குட்டையில் விழுந்த கல்

பிரெஞ்சு கற்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அகராதியைத் தொடாமல் ஒரு செய்தியைப் படித்து முடிக்கலாம் என்ற தைரியம் வந்த அதே வாரத்தில் ஒரு தலைப்பில் தடுக்கி விழுந்தேன். 'அன் பவே தான் லா மார்.' பவே என்றால் தெருவில் பாவும் கனத்த சதுரக் கல், அது தெரியும். மார் என்பதைக் கடல் என்று எடுத்துக்கொண்டேன். கடலில் ஒரு கல். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, கடலில் கரைத்த பெருங்காயம் கதைதான் என்று நானாகவே முடிவு கட்டி, வகுப்பிலும் அப்படியே விளக்கம் சொன்னேன்.

ஆசிரியர் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. கடலுக்கு மெர். (அம்மாவும் மேயரும் கூட அதே உச்சரிப்புதான், அந்தத் தொல்லை தனி.) மார் என்றால் குட்டை, தவளை கத்துகிற, வாத்து நீந்துகிற சின்னக் குட்டை. அதில் ஒரு பாறாங்கல்லைப் போட்டால்? தண்ணீர் எகிறும், தவளைகள் நாலா பக்கமும் துள்ளும், அடியில் கிடந்த சேறெல்லாம் மேலே வரும். அமைதியாக இருந்த இடத்தில் ஒரு சேதியையோ கருத்தையோ போட்டு ஊரையே பேச வைப்பதற்கு 'ழெத்தே அன் பவே தான் லா மார்' என்கிறார்கள். நான் சொன்னதற்கு நேர் எதிர்.

உடனே எனக்கு உற்சாகம். "எங்களிடமும் இருக்கிறது, குட்டையைக் குழப்புவது என்போம்" என்றேன். எதற்குக் குழப்புவீர்கள் என்று கேட்டார். மீன் பிடிக்க. அப்படியானால் அது வேறு, அதற்கு எங்களிடம் 'பெஷே ஆன் ஓ த்ரூப்ல்' இருக்கிறது, கலங்கிய தண்ணீரில் மீன் பிடிப்பது என்றார்.

இது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. அவர்களிடம் கல்லைப் போடுகிறவர் ஒருவர், மீன் பிடிக்கிறவர் இன்னொருவர், இரண்டுக்கும் தனித்தனிச் சொல். கல் போட்டவரின் நோக்கத்தைப் பற்றி அந்தத் தொடர் வாயே திறப்பதில்லை. அவர் உத்தமராகவும் இருக்கலாம், விளம்பரப் பிரியராகவும் இருக்கலாம். தமிழில் ஒருவர் குட்டையைக் குழப்புகிறார் என்று சொன்ன மாத்திரத்தில் அவர் கையில் தூண்டிலையும் கொடுத்துவிடுகிறோம்.

பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1898 ஜனவரி 13 அன்று லோரோர் நாளிதழின் முதல் பக்கத்தில், குடியரசுத் தலைவர் ஃபெலிக்ஸ் ஃபோருக்குத் திறந்த மடலாக 'நான் குற்றம் சாட்டுகிறேன்' வெளிவந்தது. டிரேஃபுஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைச் செய்யாத குற்றத்துக்குத் தண்டித்துத் தீவுச் சிறைக்கு அனுப்பிவிட்டு, அந்தத் தவறை மூடி மறைத்தவர்களை, தளபதிகள் உட்பட, பெயர் சொல்லியே எழுதினார். அவதூறு வழக்கு போடுவார்கள் என்று தெரிந்தே எழுதினார், போட்டார்கள், ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது, இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். அடுத்த மாதமே லெ ஃபிகாரோ நாளிதழில் ஒரு கேலிச்சித்திரம். மேல் கட்டத்தில் ஒரு குடும்பம் விருந்துக்கு உட்கார்ந்திருக்கிறது, டிரேஃபுஸ் விவகாரத்தை மட்டும் பேச வேண்டாம் என்கிறார் பெரியவர். கீழ்க் கட்டத்தில் மேசை கவிழ்ந்து, ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடியில் 'பேசிவிட்டார்கள்' என்று மட்டும் எழுதியிருக்கும். குட்டையில் கல் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை. டிரேஃபுஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 1906 ஆனது, அதைப் பார்க்க ஸோலா உயிரோடு இல்லை. இந்த மனிதரைக் குட்டையைக் குழப்பினார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இதே குட்டையை வைத்து ஒரு பத்திரிகையே விளையாடுகிறது. 'கனார் ஆன்ஷெனே' என்றால் சங்கிலியில் கட்டிய வாத்து. கனாருக்கு வாத்து, பொய்ச் செய்தி, பேச்சு வழக்கில் பத்திரிகை என்று மூன்று பொருள். 1915 முதல் வருகிற நையாண்டி வார இதழ், அதில் 'வாத்துகளின் குட்டை' என்றே ஒரு பகுதி உண்டு. 1979 அக்டோபரில், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசை ஆண்ட பொகாஸா, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ழிஸ்கார் தெஸ்தேனுக்கு வைரங்கள் பரிசளித்த கதையை இவர்கள்தான் வெளியிட்டார்கள். ழிஸ்கார் 1981 தேர்தலில் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். வாத்தே குட்டையில் கல் போட்ட கதை!

இன்னொரு கல்லும் உண்டு, 'கரடியின் பவே'. தூங்குகிற தோட்டக்காரரின் மூக்கில் உட்கார்ந்த ஈயைக் கொல்லக் கரடி கல்லைப் போட்டு, ஆளையே கொன்றுவிடும். நீதிக்கதைகள் எழுதிய பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனின் கதை. ஈயை வெட்டப் போய் ராஜாவை வெட்டிய பஞ்சதந்திரக் குரங்குக்கு அது பங்காளி. ஊரைக் கலக்குகிறவர்களில் இந்த ரகத்தையும் நிறையப் பார்த்திருக்கிறோம்.

சரி, அந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கொளுத்திப் போட்டார்' என்றால் கெட்ட எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. 'போட்டு உடைத்தார்' என்றால் உண்மை வெளிவந்தது தெரிகிறது, கலவரம் தெரியவில்லை. கடைசியில் 'குண்டைத் தூக்கிப் போட்டார்' என்று எழுதி வைத்திருக்கிறேன். தவளைகள் போய்விட்டன, ஆனால் போட்டவரின் யோக்கியதையை அது பேசவில்லை, எனக்கு அது போதும்.

ஆசிரியர் அதோடு விடவில்லை. கல் விழுந்ததும் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா என்று கேட்டு, 'நுவாயே லெ புவாசோன்' என்றார். மீனைத் தண்ணீரில் மூழ்கடிப்பது. சுற்றி வளைத்துப் பேசிப் பேசிக் கேட்டவரே கேள்வியை மறக்கும்படி செய்வதாம். இந்த முறை அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன்.