நிக்காதுன்னு சொன்னேன்

“வண்டி மேலே போய் நின்னுட்டா அங்கே யாரு பார்ப்பா?” என்று வண்டிக்காரர் வாலித் கேட்டார். “மா யோகஃப்” என்றேன் நான் அரபியில். நிக்காது. ரெண்டே வார்த்தை. சாவியை அவர் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

ஓமானில் நிஸ்வா சனாயியாவில், அதாவது கராஜ்கள் இருக்கிற தொழிற்பேட்டையில், வேலை பார்த்தவர்களுக்கு அந்த வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1990 மாடல் ஹைலக்ஸ், ஃபோர் வீல், 22ஆர் எஞ்சின், 2366 சிசி, கார்ப்ரேட்டர். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. சிக்கலெல்லாம் அவர் போகிற பாதையில்தான். வீடு கீழே, சுமார் 500 மீட்டர் உயரத்தில். மாதுளைத் தோட்டம் ஜபல் அக்தர் மலையில் சைக் பக்கம், 2000 மீட்டரில். கீழே சரியாக வைத்த கார்ப்ரேட்டர் மேலே போனதும் கறுப்பாகப் புகைக்கும். காற்று மெலிந்துவிடுகிறது, பெட்ரோல் போகிற ஜெட்டின் ஓட்டை மட்டும் அதே அளவில் இருக்கிறது. மேலே சரி செய்தால் கீழே ஜூன் மாச வெயிலில் பெட்ரோல் பற்றாமல் இழுவை போய்விடும். கோடையில் ஏறி முடித்து நிறுத்தினால் கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோலே கொதித்துப் பொங்கும், மறுபடி ஸ்டார்ட் ஆவதற்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பல வருஷமாகச் சமாளித்துக்கொண்டிருந்தவர் எங்கள் உஸ்தாத், கராஜின் மூத்த மெக்கானிக். பெஷாவர் பக்கத்துக்காரர். ஸ்குரூ டிரைவரின் நுனியை மேனிஃபோல்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அப்புறம் ஐடில் ஸ்குரூவைக் கால் சுற்று திருப்புவார், அவ்வளவுதான். வாலித் வண்டிக்கென்றே ஒரு மாத்திரை டப்பாவில் ரெண்டு செட் மெயின் ஜெட் வைத்திருந்தார். ஒன்று ரோஜா சீசனுக்கு, ஒன்று மாதுளை சீசனுக்கு. டப்பாவின் மூடியில் உருதுவில் பென்சிலால் எழுதியிருக்கும்.

வண்டியை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தது நான் இல்லை, வாலித்தின் மகன். மஸ்கட்டில் வேலை. அவர்தான் மெகாஸ்குவர்ட் கிட்டை, அதாவது இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலை அளந்து விடுகிற, நாமே கட்டிக்கொள்கிற எலக்ட்ரானிக் பெட்டியை, அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொண்டுவந்து, “உங்களால் முடியுமா?” என்று கேட்டார். அதே எஞ்சினின் இன்ஜெக்டர் வகையான 22ஆர்இ முழுசாகக் கிடைத்திருந்தால் அதையே தூக்கி வைத்திருப்போம். நல்லதாக எதுவும் கிடைக்கவில்லை. நான் அப்போது கராஜின் எலக்ட்ரீஷியன். நாமக்கல்லில் லாரி வயரிங் கற்றுக்கொண்டு வந்தவன். அந்தப் பெட்டியைப் பற்றி முன்பே படித்திருந்தேன். புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற ரெண்டு பேர் 2001 வாக்கில் தொடங்கியது. சர்க்யூட் படம், எந்தக் கால் எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று எல்லாவற்றையும் யாரும் படித்து, தானே ஈயம் வைத்து, தானே கட்டிக்கொள்ளும்படி கொடுத்திருந்தார்கள். கம்பெனி ஈசியூ, அதாவது வண்டியோடு வருகிற எஞ்சின் கன்ட்ரோல் பெட்டி, என்றால் அதுவரை எனக்குத் திறக்கக்கூடாத டப்பா. இதை ஒவ்வொரு ரெசிஸ்டராக என் கையாலேயே வைத்தேன். பத்து நாள் ராத்திரி ரூமில் உட்கார்ந்து வைத்தேன். அந்த வேலையை நான் எவ்வளவு நேசித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மற்றது புரியாது.

ஸ்கிராப்பில் கிடந்த ஜிஎம்சி 4.3 வி6-இன் த்ராட்டில் பாடியை, அதாவது எஞ்சினுக்குக் காற்றை விடுகிற வாயை, எடுத்தோம். ரெண்டு இன்ஜெக்டரும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும், 12 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். 12 மில்லி அலுமினியத் தகட்டில் அடாப்டர் கடைந்து, கார்ப்ரேட்டர் இருந்த இடத்திலேயே மாட்டினோம். உஸ்தாத்தான் கடைந்தார். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. கேஸ்கெட்டையும் அவரே வெட்டினார். முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது லேப்டாப்பைக் காட்டி, “இங்கே காத்தழுத்தம் 95 காட்டுது. மேலே போனா 80 காட்டும். காத்து குறைஞ்சா பெட்டியே பெட்ரோலைக் குறைச்சுக்கும்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தார். பிறகு மாத்திரை டப்பாவைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். 2014 ஏப்ரல். மறுநாள் விடுமுறை, சனிக்கிழமை ரோஜாப் பூப்பறிக்க வாலித் மேலே போக வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கடைசியாக இருந்தது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் வயர். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் சென்சாரை இறுக்கிவிட்டு வயரை இழுத்தால் நான்கு விரல் குறைகிறது. லூமை, அதாவது வயர்க் கட்டை, பிரித்துப் புது வயர் ஓட்டுவதென்றால் ரெண்டு மணி நேரம். ஒரு துண்டு வயரைச் சேர்த்து ஈயம் வைத்தேன். சூட்டில் சுருங்குகிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் தொய்வு விடவில்லை. சென்சாரிலிருந்து லூம் வரைக்கும் வயர் நேர்கோடாக, விறைப்பாக நின்றது. அது என் கண்ணில் பட்டது. பட்டதா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி, அந்தப் பதில்.

ஐந்து மாசம் வண்டி அருமையாக ஓடியது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜூலையில் ஏறி நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே பிடித்தது. மேலே கறுப்புப் புகை இல்லை. வாலித் ஒரு தடவை ஒரு சாக்கு மாங்காய் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார், உஸ்தாத்திடம் கொடுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. உஸ்தாத்தின் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

செப்டம்பரில், மாதுளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது நின்றது. வாலித், அவர் மனைவி, எட்டு வயதுப் பேரன், மூன்று பேரும் உள்ளே. கியர் மாற்ற கிளட்சை மிதித்திருக்கிறார், எஞ்சின் அணைந்துவிட்டது. எஞ்சின் அணைந்தால் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கிற வேக்குவம் ரெண்டு மிதிக்குத்தான் தாங்கும். அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று போனவர்களுக்குத் தெரியும். அடிவாரத்திலேயே செக்போஸ்ட் வைத்து, ஃபோர் வீல் இல்லாத வண்டியை மேலே விடாத பாதை. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். ஒரு கீறல்கூட யாருக்கும் இல்லை.

போனை நான்தான் எடுத்தேன். “பம்ப் சத்தம் கேட்குதா? பம்ப்போட ரிலே சுவிட்சைத் தொட்டுப் பாருங்க, சுடுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ரிலே எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானாவது காட்டியிருக்கிறேனா? ஐந்து நிமிஷம் போனது. பேட்டரி இறங்குகிற சத்தம் போனிலேயே கேட்டது. உஸ்தாத் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். அவர் கேட்டது ரெண்டே கேள்வி: வாசனை என்ன, புகை என்ன நிறம். பெட்ரோல் வாசனை, கறுப்பு. “ஆக்சிலரேட்டரைத் தரை வரைக்கும் மிதிச்சு அப்படியே பிடிங்க. விட்டு விட்டு மிதிக்காதீங்க. சாவியைத் திருப்புங்க” என்றார். பிடித்துக்கொண்டது. புகைந்துகொண்டே அகலமான ஒரு இடம் வரைக்கும் நகர்த்தி நிறுத்தினார்கள். நானும் உஸ்தாத்தும் கிளம்பினோம்.

போய்ப் பார்த்தால் அந்த வயர்தான். ஈயம் விடவில்லை, என் இணைப்பு அப்படியே இருந்தது. ஈயம் ஊறிய வயர் கம்பி மாதிரி விறைத்துப்போயிருந்தது. விறைப்பு முடிந்து நார்நாராக வயர் தொடங்குகிற அந்த ஓரத்தில், ஹீட் ஷ்ரிங்குக்கு உள்ளேயே, அறுந்திருந்தது. எஞ்சின் மவுண்டிங்கில் ஆடும்போதெல்லாம் தொய்வில்லாத வயர் அந்த ஒரு இடத்தில் மடங்கி மடங்கி வந்திருக்கிறது. லேப்டாப்பை மாட்டினேன். எஞ்சின் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது. வயர் அறுந்தால் பெட்டி அப்படித்தான் நினைத்துக்கொள்ளும். எங்கள் நெற்றியில் வியர்வை வழிகிறது, பெட்டியோ உறைபனியில் கிடக்கிற எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றுவது போல ஊற்றிக்கொண்டிருந்தது. பிளக் நான்கும் நனைந்து கரியாக இருந்தன.

வயரைச் சேர்த்துக் கீழே இறக்கிவிட்டோம். கதை இவ்வளவுதான். இன்றைக்கும் எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது வயர் இல்லை.

வயர் அறுந்தது மெக்கானிக் வேலையில் நடக்கக்கூடிய விஷயம். கார்ப்ரேட்டரிலும் ஃப்ளோட் ஊசி மாட்டிக்கொண்டு இதே மாதிரி வழிந்து, அதே இறக்கத்தில் எத்தனையோ வண்டிகள் நின்றிருக்கின்றன. இதை ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதும் அது உண்மைதான் என்று நினைக்கிறேன். ஐந்து மாசம் ஓடியதை எதிர்த்தட்டில் வைத்துப் பார்த்தால் நான் செய்த வேலை அந்த வண்டிக்கு நல்லதே செய்தது.

ஆனால் “மா யோகஃப்” என்றேனே. அதற்கு என்ன சொல்வது?

ரொம்ப நாள் என் அரபி மேல் பழியைப் போட்டேன். எனக்குத் தெரிந்தது கராஜ் அரபி. ஓடும், ஓடாது, இருக்கு, இல்லை, நாளைக்கு, காசு. “நிற்க வாய்ப்பு குறைவு, நின்றால் இன்னின்னது பாருங்கள்” என்று சொல்கிற அளவுக்கு வார்த்தை என்னிடம் எங்கே இருந்தது? நல்ல சமாதானம். பிறகு ஒருநாள் கவுன்ட்டரில் நிற்கும்போது என் வாயே என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒருவர் பார்ட்ஸ் எப்போது வரும் என்று கேட்க, “யும்கின் பாச்சர்” என்றேன். ஒருவேளை நாளைக்கு. யும்கின். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற வார்த்தை. பார்ட்ஸுக்கு, பில்லுக்கு, மழைக்கு, சம்பளத்துக்கு எல்லாவற்றுக்கும் யும்கின் சொன்னவன் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சொல்லவில்லை. பத்து ராத்திரி உட்கார்ந்து வைத்த ஈயத்துக்கு முன்னால் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

அதைவிட அதிகமாக உறுத்துவது ஆக்சிலரேட்டர் விஷயம். எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகித் தேங்கினால் பெடலைத் தரை வரைக்கும் மிதித்துப் பிடி என்பது கார்ப்ரேட்டர் காலத்துப் பாடம். பெட்டியிலும் அதே ஏற்பாடு இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது த்ராட்டில் முழுசாகத் திறந்திருந்தால் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். அதை நான் மேனுவலில் படித்திருக்கிறேன். எத்தனை சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்ற எண்ணை நானே டைப் பண்ணிப் போட்டேன். உஸ்தாத்துக்கு மேனுவலும் தெரியாது, அந்த எண்ணும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் தோன்றியது ரிலே. பெட்டியைச் செய்தவர்கள் உஸ்தாத் மாதிரி ஆட்களிடமிருந்து கற்றுக்கொண்டுதானே அதை உள்ளே வைத்திருப்பார்கள்? இறங்கும்போது அவரிடம் இதைச் சொன்னேன். “பெட்ரோல் அதே பெட்ரோல்தானே” என்று மட்டும் சொன்னார்.

வாலித் மறுபடி கார்ப்ரேட்டரையே மாட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு ஒருவகையில் லேசாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. மகன்தான் சொன்னார். உஸ்தாத் ஒத்துக்கொள்ளவில்லை: “அந்த மலைக்கு இதுதான் சரி. தப்பு மெஷின்ல இல்லை.” யாரிடம் என்று அவர் சொல்லவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்காகப் பேசினாரா, வண்டிக்காகப் பேசினாரா? எனக்கு இன்னும் தெளிவில்லை.

லூமை முழுசாகப் பிரித்துப் புதிதாக ஓட்டினேன். எஞ்சினுக்குப் போகிற ஒவ்வொரு வயருக்கும் ஒரு வளைவு தொய்வு. ஈயம் இல்லை, எல்லாம் நசுக்கிப் பிடிக்கிற கிரிம்ப் இணைப்பு. பிறகு ஒரு சின்ன வேலை செய்தேன். அந்த ஜிஎம் சென்சார் 80 டிகிரியில் 332 ஓம் காட்டும். 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒரு உபரி கனெக்டரில் வைத்து டேப் சுற்றினேன். சென்சாரைக் கழற்றிவிட்டு இதைச் செருகினால் எஞ்சின் சூடாகவே இருக்கிறது என்று பெட்டி நம்பும், வீடு வந்து சேரலாம். இணைப்புக்குப் பின்னால் வயர் அறுந்தால் அதுவும் உதவாதுதான். கிளவ் பாக்ஸில் போட்டு, செருகிக் காட்டினேன். பேரனும் ஒரு தடவை செருகிப் பார்த்தான்.

அந்த ஒரு வாரமும் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கவுன்ட்டர் பையனிடம் கேட்டுக் கேட்டு, ஒரு பழைய பில்லின் பின்பக்கம் தமிழில் எழுதி வைத்து, ராத்திரி படுக்கையில் சொல்லிப் பழகினேன். நிற்கலாம், நின்றால் முதலில் இது, அப்புறம் இது, அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்கள், எந்த நேரமானாலும் வருவேன்.

வாலித் வந்தார். சலாம் சொன்னார். எஞ்சினை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டார். சாவியை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். நான் காத்திருந்தேன். அவர் உஸ்தாத்தின் தோளைத் தட்டி, வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரித்தார், வண்டியில் ஏறினார், போய்விட்டார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. பில் இன்னும் என்னிடம் இருக்கிறது.